430 சதுர அடிக்குள் ஒரு குழந்தை: நான்கு பொருள் போதும் என்கிறேன்

கேள்வி, 18 ஆகஸ்ட் 2024

அம்பத்தூரில் வாடகை வீடு. ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை. 430 சதுர அடி என்று ஓனர் சொல்கிறார், மாடிப்படியையும் சேர்த்து அளந்திருப்பார் போல. நவம்பர் முதல் வாரம் டேட் கொடுத்திருக்கிறார்கள், முதல் குழந்தை. ஊரில் வீட்டை இடித்துக் கட்டிக்கொண்டிருப்பதால் பிரசவம் இங்கேயே, அம்மா வந்து மூன்று மாதம் இருப்பார். கணவர் ஆன்லைனில் இதுவரை 41 பொருள் எடுத்துக் கூடையில் வைத்திருக்கிறார், மரக்கட்டில் உட்பட. மாமியாரோ குழந்தை பிறக்கும் முன்னால் ஒரு குண்டூசிகூட வாங்கக் கூடாது என்கிறார். எது நிஜமாகவே வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

18 ஆகஸ்ட், இரவு

41ஆ! நான்கு போதும் தங்கச்சி. நைந்த பருத்தி வேட்டி புடவை ஒரு மூட்டை, ஒரு தூளி, ஒரு கொசுவலை, ஒரு பெரிய வாளி. மீதி 37ம் கடைக்காரர் வீட்டுக் குழந்தைக்கு.

நான் யார் என்று கேட்பீர்கள். பெரம்பூரில் இரண்டாவது மாடி, 410 சதுர அடி, உங்களைவிட 20 அடி ஏழை. மூத்தவள் 2018இல் மனைவியின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தாள். மூன்று மாதம் அங்கேயே இருந்தார்கள், நான் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பொதிகை ரயிலில் போய்க் குழந்தையை ஒரு மணி நேரம் தூக்கி வைத்துக்கொண்டு எல்லாம் தெரிந்தவன் மாதிரி திரும்பி வருவேன். இரண்டாமவன் 2023 நவம்பரில். மூத்தவள் யுகேஜி, பள்ளியை விட்டுவிட்டு ஊருக்குப் போக முடியாது, அதனால் எல்லாம் இந்த வீட்டிலேயே. உண்மையில் அப்போதுதான் பாடம் படித்தேன்.

19 ஆகஸ்ட்

தலைப்பில் முதலில் 'சின்ன வீடு' என்று போட்டிருந்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு "எதற்கு ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு" என்றாள். மாற்றிவிட்டேன்.

மாமியார் சொல்வதைச் சிரித்துத் தள்ளிவிடாதீர்கள். எங்கள் வீட்டிலும் அதே பேச்சுதான், புதுத்துணிகூட முதலில் போடக் கூடாது, பெரியவர்கள் கட்டிப் பழகிய துணிதான். சாஸ்திரம் என்ன என்று எனக்குக் கவலையில்லை, ஆனால் பலமுறை துவைத்துக் கஞ்சியெல்லாம் போன வேட்டியைவிட மெத்தென்ற துணி எந்தக் கடையிலும் இல்லை. முன்கூட்டி வாங்காததற்குக் காரணம் வேறு, அதைப் பாட்டிகள் வாயால் சொல்ல மாட்டார்கள். 1971இல் நம் நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதைத் தாண்டவில்லை. தொட்டிலை வாங்கி வைத்துவிட்டு வெறும் தொட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார யாருக்குத் தெம்பு இருந்திருக்கும். இன்று அந்தப் பயம் வெகுவாகக் குறைந்துவிட்டது, வழக்கம் நிற்கிறது, பர்ஸுக்கும் அது நல்லதாகவே இருக்கிறது.

அதோடு, நீங்கள் இருப்பது அம்பத்தூர். தெருமுனையில் மருந்துக்கடை, போனைத் தட்டினால் அரை மணியில் டயபர் வாசலுக்கு வருகிறது. கடையையே உங்கள் பரணாக நினைத்துக்கொள்ளுங்கள், வேண்டியபோது இறக்கிக்கொள்ளலாம்.

21 ஆகஸ்ட்

தூளி பற்றி ஒரு செவிலியர் அக்கா நன்றாகக் கொட்டு வைத்திருக்கிறார். பச்சைக் குழந்தையை ஆழமான தூளியில் போட்டால் முதுகு வளைந்து தாடை நெஞ்சில் போய் முட்டும், மூச்சுக்குழாய் மடங்கும் என்கிறார். சரிதான், ஒப்புக்கொள்கிறேன். எங்கள் டாக்டரும் இதையேதான் சொன்னார், அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. இரவுத் தூக்கம் கெட்டியான சமதளத்தில், மல்லாக்க, தலையணை கிடையாது, முகத்தருகே தொளதொளவென்று எந்தத் துணியும் கிடையாது. தூளி பகலில் மட்டும், பெரியவர் ஒருவர் விழித்துக்கொண்டு பக்கத்தில் இருக்கும்போது மட்டும், அதுவும் அகலமாக விரித்துக் கட்டி.

எங்கள் வீட்டில் அது அவ்வளவாக நடக்கவும் இல்லை. ஊர் வீட்டில் உத்திரத்தில் கொக்கி இருக்கும், கயிறைப் போட்டால் முடிந்தது. இங்கே கான்கிரீட் கூரையில் ஃபேன் கொக்கியைத் தவிர வேறு கிடையாது, ஓனர் துளை போட விடவில்லை. நண்பர் வீட்டிலிருந்து இரும்பு ஸ்டாண்டும் ஸ்பிரிங்கும் இரவல் வாங்கி வந்தேன். நான்கு கால் ஸ்டாண்டு, ஹாலின் நட்டநடுவில். கழிவறைக்குப் போக வேண்டுமானால் அதன் குறுக்குக் கம்பிக்கு அடியில் குனிந்துதான் போக வேண்டும். மாமனார் ஆறடி. மூன்றாம் நாள் நெற்றியில் புடைத்துக்கொண்டு நின்றார், நான்காம் நாள் ஸ்டாண்டு நண்பர் வீட்டுக்கே போய்விட்டது.

ஆக, நான்கில் ஒன்று அடிபட்டது. மூன்று.

25 ஆகஸ்ட்

மரக்கட்டில் விஷயத்துக்கு வருகிறேன். "வேண்டாம்" என்று நான் சொன்னால் உங்கள் கணவர் கேட்கப் போவதில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

கடைப் பக்கத்தில் கட்டிலின் அளவு போட்டிருந்தார்கள், நான்கு அடிக்கு இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். மனைவி கோலமாவு டப்பாவை எடுத்து வந்து, படுக்கையறையில் அது நிற்கும் இடத்தில் அந்த அளவுக்கு ஒரு கட்டம் போட்டாள். இரண்டு நாள் யாரும் அந்தக் கட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. முதல் நாள் காலை பீரோ கதவு கட்டத்துக்குள் வராமல் திறக்கவில்லை. பீரோவை விட்டுவிட்டுக் கட்டத்தை ஜன்னல் பக்கம் மாற்றினோம். ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த நான் நேராக அதற்குள் நடந்து, வெள்ளைப் பாதத்தோடு சமையலறை வரை போய் வந்திருக்கிறேன், கிருஷ்ண ஜெயந்திக்குக் கால் போட்ட மாதிரி. ஊரிலிருந்து வந்திறங்கிய மாமியார் அதைப் பார்த்துவிட்டு, "புள்ளி இல்லாமல் இதென்ன கோலம்?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். அவர் பதில் சொல்லவில்லை, தான் கொண்டுவந்த கோரைப்பாயை விரித்துக் கட்டத்தின் மேல் போட்டார். பாயின் பாதி கட்டத்துக்குள்.

அப்போதுதான் உறைத்தது. குழந்தைக்கு இரண்டடி போதும். குழந்தையைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்களுக்குத்தான் ஆறடி வேண்டும். கட்டிலை வாங்கியிருந்தால் மூன்று மாதம் மாமியார் சமையலறையில், கேஸ் சிலிண்டர் பக்கத்தில் படுத்திருப்பார்.

கூடையில் உள்ள ஒவ்வொரு பெரிய பொருளுக்கும் கட்டம் போடுங்கள். மாவு ஒரு ரூபாய்கூட ஆகாது.

26 ஆகஸ்ட்

"அப்படியானால் குழந்தை எங்கே படுத்தது?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தரையில் கெட்டியான பஞ்சு மெத்தை, மேலே ரப்பர் ஷீட், அதன் மேல் வேட்டி, சுற்றிலும் குடை மாதிரி விரியும் கொசுவலை. எங்கள் பாய்க்குப் பக்கத்தில், தனியாக. மடித்து நிமிர்த்தினால் கதவுக்குப் பின்னால் போய்விடும்.

2 செப்டம்பர்

கீழே இருப்பது என் மனைவி சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்வது. திருத்தவில்லை.

"இவர் ரெண்டு வாரமா நாலு பொருள், மூணு பொருள்னு கணக்குப் போட்டுக்கிட்டிருக்கார். அதில எனக்குன்னு ஒண்ணு இருக்கா? தையல் போட்ட வயித்தோட தரையில உட்கார்ந்து, சுவத்துல சாஞ்சு பால் கொடுத்தா, எழுந்திருக்கிறதுக்கு ஒரு ஆள் கை கொடுக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ஆளை எழுப்பணும், அந்த ஆளுக்குத் தூக்கம் கலையாது. கை வெச்ச பிளாஸ்டிக் நாற்காலி ஒண்ணு வாங்கிப் போட்டப்புறம்தான் எனக்கு உயிர் வந்துச்சு. உட்காருகிற உயரத்துல, கைக்கு எட்டுற இடத்துல ஒரு சொம்புத் தண்ணி. பால் கொடுக்க ஆரம்பிச்சதும் அப்படித் தாகம் எடுக்கும், யாரும் சொல்லித் தரமாட்டாங்க. அப்புறம் முன்பக்கம் பட்டன் வெச்ச நைட்டி நாலு. இதையெல்லாம் முதல்ல எழுதுங்க, வாளிய அப்புறம் எழுதலாம்."

அந்த ஆள் நான்தான்.

2 செப்டம்பர், சற்று நேரம் கழித்து

நாற்காலி 650 ரூபாய். இன்றும் இருக்கிறது, மூத்தவள் அதில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறாள். அறுவைசிகிச்சை ஆனவர்களுக்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறார் ஒரு தம்பி. எல்லோருக்கும்தான் தம்பி. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் கொடுக்க வேண்டிவரும், ஒவ்வொரு தடவையும் அரை மணி ஓடிவிடும். அலுவலகத்தில் உனக்குத் தரும் நாற்காலி சரியில்லை என்றால் நீ எத்தனை மெயில் போடுவாய்?

5 செப்டம்பர்

கூடைப் பட்டியலைப் பகிர்ந்ததற்கு நன்றி. பாட்டில் ஆறு, பாட்டில் கழுவும் பிரஷ், ஸ்டெரிலைசர், பால்பவுடர், பால் சூடேற்றி... இவை எல்லாம் ஒரே குடும்பம், மொத்தமாக வெளியேற்றுங்கள். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூடத் தேவையில்லை என்பது உலக சுகாதார நிறுவனம் முதல் நம் தெரு ஆரம்ப சுகாதார நிலையம் வரை எல்லோரும் சொல்வது. பால்பவுடருக்கும் பால் பாட்டிலுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று நம் நாட்டில் 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. டிவியில் சோப்பு வரும், முகப்பவுடர் வரும், பால் பாட்டில் மட்டும் வராது. கவனித்திருக்கிறீர்களா?

டாக்டரே கொடுக்கச் சொன்னால் அன்றைக்கு வாங்கிக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் மூத்தவளுக்கு முதல் மூன்று நாள் அப்படித்தான், சங்கில் கொடுத்தோம். முன்கூட்டி வாங்கி அலமாரியில் கண்ணெதிரே வைத்துக்கொண்டால், குழந்தை ஐந்தாவது முறை அழும்போது கை தானாக அதற்குப் போகும். அதைத்தான் சொல்கிறேன்.

14 செப்டம்பர்

குளியல். இதை நான் மறந்தே போயிருந்தேன், மாமியார் போனில் ஞாபகப்படுத்தினார்.

பாட்டி குளிப்பாட்டும் முறை தெரியுமல்லவா, மணையில் உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டி, குழந்தையைக் காலின் மேல் கிடத்தி, முதலில் குப்புற, பிறகு மல்லாக்க. இதற்கு நீளவாக்கில் நாலடி காலித் தரை வேண்டும். எங்கள் குளியலறையோ நாலுக்கு ஐந்து, அதில் ஒரு பக்கம் வெஸ்டர்ன் கம்மோடு உட்கார்ந்திருக்கிறது. மாமியார் முதல் நாள் காலை நீட்டினார், பாதம் கம்மோடில் போய் முட்டியது. குறுக்காக நீட்டினார், கதவு சாத்தவில்லை, காற்று. கடைசியில் சமையலறைத் தரையில் ரப்பர் ஷீட்டை விரித்து, கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, சின்னப் பிளாஸ்டிக் டப்பில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஊற்ற அவர் கழுவினார். பாட்டியின் நாற்பது வருட வித்தையை ஒரு கம்மோடு தோற்கடித்துவிட்டது.

ஆக, டப் ஒன்று. நான் முதலில் கேலி செய்த 37இல் அது இருந்தது, மன்னிக்கவும். குழந்தை உட்காரப் பழகியதும் அது அழுக்குத்துணி டப் ஆகிவிடும், அதனால் கார்ட்டூன் போட்டது வேண்டாம், சாதாரணமானதே போதும்.

பிறந்த அன்றே குளிப்பாட்ட வேண்டாம், குறைந்தது 24 மணி நேரம் போகட்டும் என்பார்கள். தொப்புள்கொடி விழும் வரை அதில் எண்ணெய், விபூதி, பவுடர் எதுவும் வைக்காமல் காய்ந்தபடி விட்டுவிடுங்கள்.

15 செப்டம்பர்

சாம்பிராணி கேட்டவருக்கு: எங்கள் டாக்டர் வேண்டாம் என்றார், மாமியார் கட்டாயம் வேண்டும் என்றார். 410 சதுர அடியில் புகை போட்டால் போக இடமில்லை, எல்லோரும் சேர்ந்து இருமுவோம். ஒப்பந்தம் இப்படி முடிந்தது: தூபக்கால் மாடிப்படியில், குழந்தை உள்ளே, கதவு சாத்தி. ஒரு மாதம் மூன்று மாடிக்காரர்களும் கமகமவென்று இருந்தார்கள். கண்மையும் அப்படித்தான், கண்ணுக்குள் கிடையாது, உள்ளங்காலில் ஒரு பொட்டு. திருஷ்டி அங்கேயும் கழியும் என்று மாமியாரே தீர்ப்புச் சொன்னார்.

22 செப்டம்பர்

நேற்று மூத்தவளின் பழைய பொருள்களைக் கிளறியபோது அந்த அரசு மருத்துவமனைப் பெட்டகத்தின் கிலுகிலுப்பை கிடைத்தது. 2015இல் தொடங்கிய குழந்தை நலப் பரிசுப் பெட்டகம், அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைகளுக்கு, ஆயிரம் ரூபாய் மதிப்பில் 16 பொருள். துண்டு, உடுப்பு, சின்ன மெத்தை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, பொம்மை என்று போகும். அதில் எனக்குப் பிடித்தது தாய்க்கென்று தனியாக வைத்திருந்தவை: கை கழுவும் திரவம், குளியல் சோப்பு, சுண்டி லேகியம். பட்டியல் போட்டவர் யாராயிருந்தாலும் என்னைவிடப் புத்திசாலி, என் மனைவி சொல்லித்தான் எனக்கு அது தோன்றியது.

பின்லாந்தில் 1938இலிருந்து இப்படி ஒரு பெட்டி கொடுக்கிறார்கள், முதலில் வசதி குறைந்தவர்களுக்கு, 1949இலிருந்து எல்லாத் தாய்மாருக்கும். அந்த அட்டைப்பெட்டியின் அடியில் மெத்தை, பொருளை எடுத்துவிட்டால் பெட்டியே குழந்தைக்குப் படுக்கை. 41 பொருள் வாங்கும் உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள், கட்டிலே அட்டைப்பெட்டிதான் என்று. (நம் ஊர் ஈரத்துக்கும் கரப்பானுக்கும் அட்டைப்பெட்டி தாங்காது, அதனால் முயற்சி செய்ய வேண்டாம்.)

6 அக்டோபர்

இரண்டாமவனுக்குப் பத்து மாதம் முடிந்துவிட்டது. தவழ்கிறான் என்பது மரியாதையான சொல், ஊர்ந்து வேட்டையாடுகிறான். அதனால் ஆகஸ்ட் 18 குறிப்பில் நான் பெருமையாக எழுதிய "பெரிய வாளி"யைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

போன வாரம் தண்ணீர் வரும் நாள். வாளி, குடம், டிரம் எல்லாம் நிறைத்துக் குளியலறையில் வைத்திருந்தோம், எல்லார் வீட்டிலும் போலத்தான். கதவு கொக்கி போடவில்லை. மனைவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், நான் போனில். மூத்தவள்தான் பார்த்தாள். வாளி விளிம்பைப் பிடித்து நின்றுகொண்டு, உள்ளே மிதந்த சிவப்பு மக்கைப் பிடிக்க இடுப்பு வரை குனிந்திருக்கிறான், குதிகால் இரண்டும் தரையை விட்டு எழுந்துவிட்டன. "அப்பா, தம்பி வாளிக்குள்ள போறான்" என்று சாதாரணக் குரலில்தான் சொன்னாள். ஓடிப்போய்த் தூக்கிய பிறகு அரை மணி நேரம் எனக்குக் கை நடுங்கியது.

இந்த வயதில் தலைதான் கனம். குப்புற விழுந்தால் தானாக நிமிரத் தெரியாது, ஒரு சாண் தண்ணீர் போதும். வாளியைக் கவிழ்த்து வையுங்கள், டிரம்முக்கு இறுக்கமான மூடி, குளியலறைக்கு வெளிப்பக்கம் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். தாழ்ப்பாள் 60 ரூபாய். பிளக் பாயின்டுக்கு மூடி, மேஜை முனைக்கு ரப்பர் என்று உங்கள் கூடையில் பத்துப் பொருள் பார்த்தேன், தாழ்ப்பாள் மட்டும் இல்லை. அதற்கெல்லாம் இன்னும் ஏழெட்டு மாதம் இருக்கிறது, இப்போது வாங்கி அடைக்க வேண்டாம். வாக்கர் எப்போதும் வேண்டாம். கனடாவில் 2004இலேயே விற்கத் தடை போட்டுவிட்டார்கள், படியில் உருண்டு விழுந்த குழந்தைகள் அவ்வளவு பேர்.

16 அக்டோபர்

நேற்றைய மழையில், வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்தியிருந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கார் வைத்திருப்பவர்களுக்குப் பாலம் இருக்கிறது. எனக்கு மழை என்றால் ஞாபகம் வருவது நாப்கின்தான்.

நவம்பரில் சென்னையில் குழந்தை பெறுகிறவர்கள் முதலில் தயார் செய்ய வேண்டியது துணிக்கொடி. நான் சொன்னால் யாரும் நம்புவதில்லை. பச்சைக் குழந்தை ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை நனைக்கும். நாங்கள் எண்ணியதில் நாப்கின், அடித்துணி, துண்டு எல்லாம் சேர்த்து நாளைக்கு 14 உருப்படி. வெயில் அடித்தால் மாடியில் இரண்டு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழையில் மூன்று நாளானாலும் தொட்டால் ஜில்லென்றிருக்கும், ஊமை வாடை வேறு. என்னிடம் இருந்தது மொத்தம் 24 துணி. 14 பெருக்கல் 3 எவ்வளவு என்று குழந்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் கணக்குப் போட்டேன்.

நாற்காலி முதுகில், கதவின் மேல், டிவிக்கு மேல், சமையலறை ஜன்னல் கம்பியில், மூத்தவளின் சைக்கிள் ஹேண்டில்பாரில் என்று எங்கே பார்த்தாலும் வெள்ளை முக்கோணம். நள்ளிரவில் அயர்ன் பாக்ஸைச் சூடாக்கி ஒவ்வொன்றாகத் தேய்ப்பேன், ஆவி வரும், வரும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், அதை விவரிக்கப் போவதில்லை. கடைசியில் ஹால் கூரையில் கயிறு இழுத்தால் ஏறி இறங்கும் துணிக்கொடி ஒன்று, 1,800 ரூபாய், ஆறு கம்பி. இந்தத் தடவை ஓனரிடம் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு போய்க் கேட்டேன், துளை போட விட்டுவிட்டார். ஃபேனுக்குப் பக்கத்தில் மாட்டினோம். தலைக்கு மேலே நாற்பது துணி தொங்கும், கீழே தரை காலி. இந்த வீட்டில் நான் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான்.

ஓனரிடம் இப்போதே கேளுங்கள். உங்களிடம் இன்னும் கையில் குழந்தை இல்லை, வயிற்றைக் காட்டிக் கேளுங்கள்.

16 அக்டோபர், இரவு

"டயபர் வாங்க வேண்டியதுதானே, இதற்கு ஏன் ராமாயணம்?" நியாயம். நாங்களும் வாங்கினோம், ஆகஸ்டில் அதைச் சொல்லாமல் வேட்டி மூட்டையைப் பற்றி மட்டும் வீராப்புப் பேசினேன். மழை நாளிலும் இரவிலும் டயபர், பகலில் துணி. ஆனால் பெரிய பாக்கெட் வேண்டாம், பச்சைக் குழந்தைக்கான அளவு ஒரு மாதத்தில் இறுக ஆரம்பிக்கும். 24 உள்ள பாக்கெட் ஒன்று, தீர்ந்தால் அடுத்தது.

17 அக்டோபர்

போன டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயல் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மகன் நவம்பர் 18 பிறந்தான், பதினாறாம் நாள் டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை, பேர் வைக்க நாள் பார்த்திருந்தோம். புயல் வந்துவிட்டது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாள் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, பால் பாக்கெட் எங்கும் கிடையாது. வீட்டில் ஆறு பேர்.

அந்த மூன்று நாளில் கொஞ்சமும் கஷ்டப்படாத ஒரே ஆள் அவன்தான். தாய்ப்பாலுக்குக் கரண்டும் வேண்டாம், கேனும் வேண்டாம். மாமியார் ஊரிலிருந்து கொண்டுவந்த பனை விசிறி, கேலி செய்து பரணில் போட்டிருந்தேன், அதை எடுத்து முறைவைத்து விசிறினோம். மாமனார் காபி இல்லாமல் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. ஆக, உங்கள் டேட்டுக்கு முன்னால்: தண்ணீர்க் கேன் கூடுதலாக இரண்டு, சார்ஜ் விளக்கு, விசிறி, பிரசவ ஃபைல் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு உயரத்தில். பெயர் ஒரு வாரம் கழித்து வைத்தோம். 'புயல்' என்று வைக்கச் சொல்லி மூத்தவள் அடம்பிடித்தாள்.

பிறப்புப் பதிவுக்கு 21 நாள் வரை கட்டணமில்லை. பெயரில்லாமலே பதியலாம், ஒரு வருடத்துக்குள் சேர்த்துக்கொள்ளலாம், அதனால் புயல் வந்தாலும் பதற வேண்டாம்.

1 நவம்பர்

தீபாவளி வாழ்த்து. நேற்று இங்கே ஜன்னலைச் சாத்தி ஈரத்துணியை இடுக்கில் செருகித்தான் படுத்தோம், அம்பத்தூரிலும் அப்படித்தான் இருந்திருக்கும்.

பரிசுப்பெட்டி பற்றி: பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதே சோப்பு பவுடர் எண்ணெய்ப் பெட்டியைத்தான் கொண்டுவருவார்கள். எங்களுக்கு ஏழு. இரண்டைப் பிரித்தோம், ஐந்தை வேறு ஐந்து வீட்டுக்குக் கொண்டுபோனோம், அதில் ஒன்று சுற்றி எங்களிடமே திரும்பி வந்தது, மூலையில் மூத்தவள் கிறுக்கிய மயிலை வைத்துக் கண்டுபிடித்தோம். கேட்கிற நெருக்கம் இருந்தால் மொய்யாகவே கொடுங்கள் என்று சொல்லிவிடலாம். எனக்கு வாய் வரவில்லை, மாமியார் சொன்னார்.

41 இப்போது எத்தனை ஆனது?

9 நவம்பர்

பெண்ணா! ரொம்ப சந்தோஷம் தங்கச்சி. 2.9 கிலோ நல்ல எடை. பதில் எதுவும் எழுத வேண்டாம், தூங்குங்கள்.

(11 என்று உங்கள் கணவர் பதில் போட்டிருக்கிறார். அதில் கட்டில் இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார், கவனித்தேன்.)

20 நவம்பர்

ஒரு திருத்தம். ரப்பர் ஷீட்டின் மேல் வேட்டி என்று எழுதியிருந்தேன். ஒற்றை வேட்டி சறுக்கும், குழந்தை கை காலை உதைத்து உதைத்து ஒரு மணி நேரத்தில் ஷீட்டின் மேல் வந்துவிடும், முதுகு வேர்த்துச் சொரசொரவென்று பொரியும். இரண்டாக மடித்து மெத்தைக்கு அடியில் நான்கு பக்கமும் செருக வேண்டும். மனைவி சொன்னாள்.

1 டிசம்பர்

நேற்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்த இரவு. இங்கே நாள் முழுக்கக் கொட்டியது, கரண்ட் போய்ப் போய் வந்தது. காலையில் எழுந்ததும் அம்பத்தூரில் என்ன ஆனதோ என்றுதான் நினைத்தேன்.

பத்து மணிக்குப் படம் வந்தது. ஹால் கூரையில் கயிற்றுக்கொடி, ஓனர் சம்மதித்துவிட்டார் போலிருக்கிறது. முப்பதுக்கு மேல் துணி. கை வைத்த நாற்காலி, அதன் பக்கத்தில் முக்காலியில் எவர்சில்வர் சொம்பு. கொசுவலைக்குள் ஒரு முஷ்டி மட்டும் தெரிகிறது. ஓரத்தில் பாயில் உங்கள் அம்மா காலை நீட்டிப் படுத்திருக்கிறார், அவர் பாயைச் சுற்றித் தரையில் இன்னும் அழியாமல் ஒரு வெள்ளைக் கோடு.

மனைவியிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சொம்பு இன்னும் கொஞ்சம் கிட்டே இருக்கணும் என்றாள்.